ஒரு வழிக்கு விலை அதிகம்

போன வாரம் லிஃப்ட் மெக்கானிக் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டியதோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அந்தப் பெட்டி வாசலுக்கே வந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான்கு பேர். லிஃப்ட் மெக்கானிக். அம்மா இல்லாத அவனைத் தூக்கி வளர்த்து ஆளாக்கி, தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ள மறந்துபோன அவன் அக்கா. தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறாள். எட்டாவது படிக்கிற மகள் குருவி. அப்புறம் அவன் மனைவி. விமானக் கம்பெனி ஒன்றில் டிக்கெட்டுக்கு விலை வைக்கிற பிரிவில் வேலை. என்ன கேட்டாலும் விரலை மடக்கி யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதைப் பார்த்து நாத்தனார் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஒட்டிக்கொண்டுவிட்டது.

கணவனும் மனைவியும் சண்டை போட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதற்காக ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போடும் அளவுக்குக்கூட இப்போது பேசிக்கொள்வதில்லை. பால் தீர்ந்துபோச்சு, கரண்ட் பில் வந்திருக்கு, குருவிக்கு ஷூ சின்னதாயிடுச்சு. அவ்வளவுதான் பேச்சு. இந்த லட்சணத்தில் அவனுக்கு வெளிநாட்டில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். இன்று சாயங்காலம் விமானம்.

காலையில் கணக்குப்பிள்ளை எழுந்து வந்தபோது நாத்தனார் கூடத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கைப்பிடியைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கண்ணுக்கு இரண்டு விரல் கிட்டத்தில் வைத்திருந்தாள்.

“குருவி, இங்க வாடி. இந்த ஊசில நூலைக் கோத்துக் குடு.”

“இப்பதான கோத்துக் குடுத்தேன் அத்தை?”

“அது உருவிக்கிச்சு. குடுன்னா குடேன், கேள்வி கேக்குது பாரு.”

குருவி கோத்துக் கொடுத்துவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப மோசம். தையல் கடையில் ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் கையை உள்பக்கம் வெளிப்பக்கமாக வைத்துத் தைத்துக் கொடுத்து, அந்த ஆள் கத்திவிட்டுப் போனது போன மாதக் கதை.

“அண்ணி, டாக்டர் அடுத்த வாரமே ஆபரேஷனுக்கு வரச் சொன்னாரில்ல?” என்றாள் கணக்குப்பிள்ளை.

“சொன்னாரு.”

“இன்னும் தள்ளிப்போட்டா வலது கண்ணுல பார்வை முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாதுன்னாரு.”

“டாக்டர்னா அப்படித்தான் பயமுறுத்துவாங்க. தம்பி வரட்டும். கண்ணைக் கட்டிப் படுக்கறப்ப அவன் பக்கத்துல இருக்கணும்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “வர தேதிதான் டிக்கெட்லயே அச்சடிச்சிருக்கே. நாளைக்கு, நாளன்னிக்குன்னு இழுக்கறதுக்கு அது என்ன வாய்ப்பேச்சா? காசு குடுத்து வாங்கினது.”

காலண்டரில் அந்தத் தேதியைத் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுழித்து வைத்திருந்தாள். காலண்டரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவாள்.

கணக்குப்பிள்ளை பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டாள். ஏன் சொல்லவில்லை என்று புரிய வேண்டுமானால் அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

விமானத்துக்குள் ஒரு திரை தொங்கும். திரைக்கு முன்னால் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி இருக்கைகள், கண்ணாடி டம்ளர், சிரித்த முகம். திரைக்குப் பின்னால் நாமெல்லாம். முன்னால் ஒரு விலை, பின்னால் ஒரு விலை, அவ்வளவுதானே என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதுதான் இல்லை. பின்னால் இருக்கிற ஒரே மாதிரி இருக்கைக்கு, ஒரே மெத்தை, ஒரே சாப்பாட்டுத் தட்டு, பத்துப் பன்னிரண்டு விலை உண்டு. ஒவ்வொரு விலைக்கும் ஓர் எழுத்து. மலிவான எழுத்தில் இத்தனை இருக்கை, அதற்கு மேல் விலையுள்ள எழுத்தில் இத்தனை என்று பங்கு பிரித்து, எதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் கணக்குப்பிள்ளையின் வேலை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் என்ன விலை கொடுத்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் கைகலப்பு ஆகிவிடும். இருக்கைக்கு யார் விலை வைத்தார்கள்? ஆளுடைய அவசரத்துக்குத்தான் விலை.

சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு அவசரமில்லை. விலை அதிகமென்றால் போகாமல் இருந்துவிடுவான். அதனால் போக வர டிக்கெட்டை அவனுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். ஒரு வழி டிக்கெட் கேட்கிறவன் வேலைக்குப் போகிறவன், இல்லை அடியோடு பெயர்ந்து போகிறவன். என்ன விலை சொன்னாலும் அவன் போயே ஆக வேண்டும். அவனிடம் அதிகம் வாங்கலாம். இப்படியாக, இந்தத் தடத்தில் போவதற்கு மட்டும் ஆகிற செலவு, போய்விட்டு வருவதற்கு ஆகிற செலவைவிட அதிகம். விவரம் தெரிந்த ட்ராவல் ஏஜெண்டுகள் காதோடு காதாகச் சொல்லிக் கொடுப்பார்கள்: ரிட்டர்ன் எடுங்க சார், போற பாதியில போங்க, வர பாதியைத் தூக்கிப் போடுங்க.

மூன்று வாரத்துக்கு முன் லிஃப்ட் மெக்கானிக் டிக்கெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். கணக்குப்பிள்ளையின் கம்பெனி விமானம்தான், நேரே போவது அது ஒன்றுதான். ஆபீஸ் சலுகை டிக்கெட் வேண்டாம், அதில் இடம் இருந்தால்தானே ஏற்றுவார்கள் என்று சொல்லி வெளியில் வாங்கியிருந்தான். நாத்தனார் ‘ரிட்டர்ன்’ என்ற வார்த்தையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணக்குப்பிள்ளை எழுத்தைப் பார்த்தாள். இருப்பதிலேயே மலிவான எழுத்து. தேதியை மாற்றவே முடியாது. ஆறு மாதம் போய்ப் பார்க்கிறேன் என்கிறவன், தேதி மாற்ற முடியாத டிக்கெட்டையா வாங்குவான்? திரும்புகிற தேதியையும் பார்த்தாள். பள்ளி விடுமுறை முடிந்த வாரம், நடுவாரத்து நாள். அன்றைக்கு விமானம் காலியாக வரும் என்று மலிவு எழுத்தைத் திறந்துவிட்டது அவளேதான். கம்ப்யூட்டரில் முதலில் தென்பட்ட மலிவான நாளை ஏஜெண்ட் அழுத்தியிருக்கிறான்.

வருவதற்காக வாங்கிய டிக்கெட் இல்லை அது. அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

இப்போது எங்கேயாவது வலிக்கும் என்று காத்திருந்தாள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். மூன்று வாரமாக அதே கதைதான்.

குளித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பும்போது நாத்தனார் வாசல்வரை வந்தாள்.

“ஏய் கணக்குப்பிள்ளை, நீ மனசு வெச்சா அவனுக்கு முன்னாடி சீட் வாங்கித் தர முடியாதா? அவன் கால் நீளம். மடக்கி மடக்கி உக்காந்து வீங்கிடும்.”

“முடியாது அண்ணி. அதுக்கெல்லாம் முறை இருக்கு.”

“புருஷனுக்கு ஒரு சீட் வாங்கித் தர முடியல, இதுல பெரிய வேலை!” சிரித்துக்கொண்டே சொன்னதுதான். “சாயங்காலம் நேரா அங்க வந்துடு. கடைசி நிமிஷத்துல மீட்டிங், கீட்டிங்னு ஃபோன் பண்ணாத.”

ஆபீசில் யாரிடமும் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பையன் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினான்.

“மேடம், சாயங்கால ஃப்ளைட்ல இருக்கற சீட்டுக்கு மேலயே வித்திருக்கோம். கொஞ்சம் பயமா இருக்கு.”

“எப்பவும் விக்கறதுதானே?”

“எல்லாரும் வந்துட்டா?”

“வர மாட்டாங்க. இந்த ஃப்ளைட்டுக்கு எப்பவுமே ஒரு கூட்டம் வராது.”

வராதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆபீசில் ஆள் கிடையாது. அந்தத் திரையில் இருக்கிற ஒரு பயணி தன் புருஷன் என்பது அவளுக்குத் தெரியும். மற்றவர்களைப் பார்க்கிற மாதிரியேதான் அதையும் பார்த்தாள். மதியம் வரைக்கும் வேறு ஊருக்குப் போகிற விமானங்களைப் பார்த்தாள், சாப்பிட்டாள், கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

விமான நிலையத்தில் மூன்று பேரும் அவளுக்கு முன்பே வந்து வரிசையில் நின்றார்கள். வரிசை கதவுவரை நீண்டிருந்தது. ஏதோ விளையாட்டுக் குழு, ஒரு கல்யாணக் கூட்டம், கைக்குழந்தைகள். அன்றைக்கு என்று பார்த்து எல்லாரும் வந்துவிட்டார்கள். வராத கூட்டம் என்று அவள் சொன்னது ஒரு ஆள் பாக்கியில்லாமல் வந்து நின்றது.

கவுன்ட்டர் பெண்ணுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. “மேடம், உங்க டிபார்ட்மெண்ட் இன்னிக்கு எங்களை ஒரு வழி பண்ணிட்டீங்க” என்று சொல்லிவிட்டு மைக்கை எடுத்தாள். இன்றைக்குப் போகாமல் நாளைக்கு இதே நேரம் போகச் சம்மதிப்பவர்களுக்கு ஹோட்டல் அறை உண்டு, கையில் பணம் உண்டு, நாளைய விமானத்தில் திரைக்கு முன்னால் இருக்கை உண்டு. விருப்பமுள்ளவர்கள் வரலாம்.

நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“டேய், கேட்டியாடா? முன்னாடி சீட்டாம்! காலையில நான் கேட்டேன், உன் பொண்டாட்டி முறை, கிறைன்னா. இப்ப தானா வந்து விழுது பாரு. ஹோட்டல்லாம் எதுக்கு? வீட்டுக்கு வா. ராத்திரி சூடா சாப்டுட்டுத் தூங்கு. நாளைக்குக் காலை நீட்டிக்கிட்டுப் போ.”

“இல்லக்கா. இன்னிக்கே போயிடறேன்.”

“வேலைக்குச் சேர்றது திங்கக்கிழமைதான்னு சொன்ன? இன்னும் நாள் இருக்கே?”

“போய் ரூம் கீம் பாக்கணும்.”

“ஒரு நாள்ல என்னடா ஆயிடும்?”

“வேணாம்க்கா. விடு.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டான். நாத்தனார் பிடித்திருந்த கையை விட்டாள். பின்னால் நின்ற கல்யாணக் கூட்டத்து ஆள் ஒருவர் “நான் இருக்கேம்மா, நான் இருக்கேன்” என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போகிறவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பெட்டியைப் போட்டாகிவிட்டது. கழிவறை எந்தப் பக்கம் என்று காட்டும் பலகையின் எழுத்து நாத்தனாருக்குத் தெரியவில்லை. குருவி கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கணவனும் மனைவியும் ஒரு காப்பிக் கடையின் உயரமான மேசை ஓரம் நின்றார்கள். உட்கார நாற்காலி இல்லாததில் இரண்டு பேருக்குமே நிம்மதி.

“அக்கா கண்ணைப் பாத்துக்கோ” என்றான்.

“நீங்க வந்தப்புறம்தான் பண்ணிக்குவாங்களாம்.”

அவன் காப்பியைக் கலக்கினான். சர்க்கரை போடாமலே கலக்கினான்.

“அதான் தேதி இருக்கே.”

“அந்தத் தேதி நான் திறந்து வெச்சது.”

“என்னது?”

“அன்னிக்கு ஃப்ளைட் காலியா வரும். அதனால மலிவு சீட்டைத் திறந்து விட்டேன். ஏஜெண்ட் அதை எடுத்துக் குடுத்திருக்கான். ஒரு வழியா எடுத்தா விலை அதிகம், ரிட்டர்னா எடுத்தா கம்மி. அந்த விலையையும் நாங்கதான் வெச்சோம்.” விளக்கம் கொடுக்கிற குரலில்தான் சொன்னாள். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதே குரலில்தான் சொல்வாள். “வர பாதியைத் தூக்கிப் போடத்தான் வாங்கினீங்க. பார்த்த உடனே தெரிஞ்சுடுச்சு.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“நீ... டிக்கெட் புக் பண்ற வேலைன்னு நினைச்சேன்.”

பதினான்கு வருஷம். அவள் ஆபீசிலிருந்து வந்து எத்தனையோ நாள் இதைப் பற்றிப் பேசியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் பேப்பரில் படம் வரைந்துகூடக் காட்டியிருக்கிறாள், இது திரை, இது முன்பக்கம், இது பின்பக்கம் என்று. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றக்கூடிய டிக்கெட் அது. ஏமாற்ற முடியாத ஒரே ஆளின் முன்னால் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறான், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்றே தெரியாததால். கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை.

“ஏஜெண்ட்தான் சொன்னான்” என்றான். “ரிட்டர்ன்னு பாத்தா அக்காவும் தெம்பா இருக்கும்னு நினைச்சேன்.”

“தெம்பாத்தான் இருக்காங்க. கண்ணு போயிட்டிருக்கு.”

“சொல்லிடாத. நானே ஃபோன்ல பக்குவமா சொல்லிக்கறேன்.”

“எப்ப?”

அவன் காப்பியைக் குடிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டான். “உன் மேல எனக்குக் கோபமில்ல” என்றான். “யார் மேலயும் இல்ல.”

“தெரியும்.”

அக்காவும் மகளும் வருவது தெரிந்தது. அவன் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு அக்காவைக் கட்டிக்கொண்டான். குருவியின் தலையைக் கலைத்தான். மனைவியிடம் “சரி” என்றான். அவளும் “சரி” என்றாள். பாதுகாப்புச் சோதனைக் கதவுக்கு அந்தப் பக்கம் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்கிறவரை முதுகு தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

டாக்சியில் குருவி முன்னால் ஏறிக்கொண்டாள். பின்னால் இவர்கள் இருவரும். வெயில் சாய்ந்து கண்ணாடி வழியாக முகத்தில் அடித்தது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கண்ணுக்கு வெயில் ஆகாது.

“ஒரு நாள் இருடான்னா... வாயை மூடறதுக்குள்ள மாட்டேன்னுட்டான் பாரு” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். “புது இடம், புது வேலை. பதட்டம் இருக்கத்தான் செய்யும். வரப்ப நிம்மதியா வருவான். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். நீ அன்னிக்கு லீவு சொல்லிடு, இப்பவே சொல்லி வெச்சுடு.”

கணக்குப்பிள்ளை வெளியில் பார்த்தாள். பஸ் ஸ்டாப், மருந்துக்கடை, சலவைக் கடை. அவன் ஃபோனில் சொல்லப் போவதில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தேதி வரும், போகும். அன்றைக்கும் நாத்தனார் வாசலில் நிற்பாள், ஒரு கண் அவிந்துபோய் நிற்பாள்.

“அண்ணி. அவர் அந்தத் தேதிக்கு வர மாட்டாரு.”

“லீவு கிடைக்காதுன்னு சொன்னானா?”

“வர மாட்டாரு அண்ணி. அந்த டிக்கெட் திரும்பி வரதுக்கு வாங்கினது இல்ல.” விலையைச் சொன்னாள், எழுத்தைச் சொன்னாள், ஏஜெண்ட் சொன்னதைச் சொன்னாள். காப்பிக் கடையில் அவனே ஒத்துக்கொண்டதையும் சொன்னாள்.

“காசு குடுத்து வாங்கின டிக்கெட்டை எவனாவது தூக்கிப் போடுவானா? பேசுது பாரு.”

“போடுவாங்க. அப்படிப் போடறவங்க இருக்கறதாலதான் எங்க பொழப்பே ஓடுது.”

முன்னால் உட்கார்ந்திருந்த குருவி திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்போ அன்னிக்கு அப்பா சீட் மட்டும் காலியா வருமாம்மா?”

“வராது. வராதவங்க இடத்தை முன்னாடியே கணக்குப் பண்ணி வேற யாருக்காவது வித்துடுவோம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. குழந்தை கேட்டதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று நீங்கள் திட்டினால் நான் குறுக்கே வர மாட்டேன். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. கேள்வி வந்தது, தெரிந்த பதில் வந்துவிட்டது. குருவி சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் அழவில்லை. வெயிலுக்கு மூடிய கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தாள். எந்த அளவுக்குத் தெரிந்ததோ, அந்தக் கண்ணுக்கு.

“உனக்கு எப்பலேந்து தெரியும்?”

“டிக்கெட்டைக் கொண்டுவந்து வெச்ச அன்னிக்கே.”

“அன்னிக்கேவா? மூணு வாரமாவா?”

“ஆமா.”

“என்கிட்ட சொல்லல, சரி. நான் தாங்க மாட்டேன்னு விட்டிருப்ப. அவன்கிட்ட?” குரல் எழும்பவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. “போகாதீங்கன்னு அவன்கிட்ட ஒரு தடவை சொன்னியா?”

எந்தக் கேள்விக்கும் விரலை மடக்குகிறவள் கையை மடியில் வைத்தபடியே இருந்தாள்.

“இல்ல அண்ணி.”

“ஒரே ஒரு தடவை?”

“சொல்லல.”

“ஏன்?”

“தெரியல. போனா போகட்டும்னு... இருந்துச்சு. அது மனசுல இருந்துச்சான்னுகூடத் தெரியல. ஒண்ணுமே தெரியல அண்ணி எனக்கு. ரொம்ப நாளா.”

“நான் வளத்த பிள்ளைடி அவன்” என்றாள் நாத்தனார். “வேணாம்னு நீயும் விட்டுட்ட. வேணாம்னு அவனும் விட்டுட்டான். நடுவுல நான் ஒருத்தி காலண்டரைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டிருக்கேன். அதையும் பாத்துக்கிட்டே இருந்திருக்க.” டிரைவரின் தோளைத் தட்டினாள். “வண்டியை நிறுத்துப்பா.”

“அண்ணி, வீடு இன்னும் தூரம்.”

“நிறுத்துன்னேன்.”

டிரைவர் ஓரம் கட்டினார். நாத்தனார் கதவைத் திறந்து இறங்கினாள். நடைபாதை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் கால் தடுக்கி, பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து, எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்காமலே நடக்க ஆரம்பித்தாள்.

முன்கதவு திறந்தது. குருவி இறங்கிக் குனிந்து உள்ளே பார்த்தாள்.

“நீ வீட்டுக்குப் போம்மா. நான் அத்தையோட இருக்கேன்.”

வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அம்மா பக்கமே பேசுகிற பெண். கதவைச் சாத்தக்கூட இல்லை. ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்தாள். நாத்தனார் அந்தக் கையை உதறவில்லை. இரண்டு பேரும் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“போகலாமாம்மா?” என்றார் டிரைவர்.

அவள் திறந்து கிடந்த முன்கதவைப் பார்த்தாள். மூன்று வாரமாக, ஏன், மூன்று வருஷமாக எங்கே போயிருந்ததோ தெரியவில்லை, மொத்தமாக வந்து பிடித்துக்கொண்டது. அவளுக்கு வலித்தது. குருவி போவது வலித்தது, தடுக்கித் தடுக்கி நடக்கிற அந்தக் கால்கள் வலித்தன. “சரி” என்று சொல்லிவிட்டுப் போனவனும் வலித்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். கைப்பை டாக்சிக்குள்ளேயே கிடந்தது. செருப்பு ஒன்று வாரறுந்தது. அதை விட்டுவிட்டு ஓடினாள்.

“அண்ணி! போகாதீங்க!”

வாழ்க்கையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“போகாதீங்க அண்ணி!”

குருவி நின்றுவிட்டாள். நாத்தனார் அவள் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தனியாக நடந்தாள்.